விமானம் சொல்வதை நம்பி ரேடாரை நிறுத்தலாமா?

எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், 69 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு செம்புக் கம்பி நிற்கிறது. அதிலிருந்து ஒரு கேபிள், கேபிள் முனையில் விமானங்கள் அனுப்பும் வானொலிச் சமிக்ஞையைப் பிடிக்கச் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய டாங்கிள், அதைச் செருக ஒரு பழைய லேப்டாப். சரக்கு அவ்வளவுதான். தாம்பரம் பக்கம் குடியிருப்பதால் மீனம்பாக்கத்தில் ஏறி இறங்குகிற விமானங்கள் எல்லாம் திரையில் வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஆறு இலக்க அடையாள எண். 800 என்று தொடங்கினால் இந்தியப் பதிவு, 770 என்றால் இலங்கைப் பதிவு. இடம், உயரம், வேகம் எல்லாம் விநாடிக்கு விநாடி மாறிக்கொண்டிருக்கும்.

சில வரிகளில் மட்டும் எண் இருக்கும், உயரம் இருக்கும், இடம் இருக்காது. அட்சரேகை, தீர்க்கரேகைக் கட்டங்கள் காலி. முதலில் ஆன்டெனா சரியில்லை என்று நினைத்துக் கம்பியை இரண்டு தடவை மாற்றினேன். கம்பியில் குற்றமில்லை. அந்த விமானத்தில் மோட் எஸ் டிரான்ஸ்பாண்டர் என்ற பதில்பெட்டி உண்டு, ஏடிஎஸ்-பி என்ற அறிவிப்பு முறை கிடையாது. ரேடார் கேட்டால் பதில் சொல்லும். தான் எங்கே இருக்கிறேன் என்று தானாக அறிவிக்காது.

அந்தக் காலிக் கட்டத்தை வைத்தே இன்றைக்கு எல்லா நாடுகளும் செய்துகொண்டிருக்கும் கணக்கைச் சொல்லிவிடலாம். பழைய ரேடார்களுக்கு வயதாகிவிட்டது, உதிரிபாகம் கிடைப்பதில்லை. அதன் இடத்தில் புது ரேடாரையே வைப்பதா, விமானம் தானே சொல்லும் இடத்தை நம்பி ஏடிஎஸ்-பிக்குப் போவதா, தரையில் பல காதுகளை வைத்து ஒட்டுக் கேட்டுக் கணக்குப் போடும் மல்டிலேட்டரேஷனா, இல்லை எல்லாவற்றையும் செயற்கைக்கோளிடம் விட்டுவிடுவதா? விற்க வருகிறவர்கள் துல்லியத்தைத்தான் முதலில் பேசுவார்கள். நான் முதலில் பார்ப்பது, எந்தத் தகவலுக்கு யார் வாக்கை நம்பியிருக்கிறோம் என்பதை.

பிரைமரி ரேடார் யார் வாக்கையும் நம்புவதில்லை. அலையை அனுப்புகிறது, உலோகத்தில் பட்டுத் திரும்பி வருவதைப் பார்க்கிறது. விமானி பேசாவிட்டாலும், டிரான்ஸ்பாண்டர் செத்துப் போனாலும் புள்ளி தெரியும். ஆனால் புள்ளி மட்டும்தான். அது யார், எவ்வளவு உயரத்தில் போகிறார் என்பது தெரியாது.

அந்தக் குறைக்கு நாம் கொடுத்த விலை பெரிது. 1996 நவம்பர் 12 மாலை, டெல்லியிலிருந்து ஏறிய சவூதி ஏர்லைன்ஸ் போயிங் 747க்கு 14,000 அடி வரை ஏற அனுமதி. எதிரே இறங்கிவந்த கஜகஸ்தான் இல்யூஷின்-76க்கு 15,000 அடி. கஜகஸ்தான் விமானம் தனக்குச் சொன்ன உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டும் மோதி 349 பேர் இறந்தார்கள். அப்போது டெல்லியை நெருங்கும் விமானங்களைத் தரையிலிருந்து வழிநடத்தும் அப்ரோச் கன்ட்ரோலரிடம் இருந்தது பிரைமரி ரேடார் மட்டுமே. இரண்டு புள்ளிகள் நெருங்குவதை அவர் பார்க்க முடியும். நடுவில் ஆயிரம் அடி இருக்கிறதா என்று பார்க்க வழியே இல்லை. வானொலியில் விமானி சொன்ன உயரம்தான் அவருக்குக் கிடைத்த ஒரே உயரம்.

அப்படியானால் பிரைமரி பழைய இரும்புதான், தூக்கி எறியலாம் என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட நான்கு விமானங்களில் மூன்றின் டிரான்ஸ்பாண்டரை அணைத்தார்கள், ஒன்றில் குறியீட்டை மாற்றினார்கள். 2014 மார்ச் 8 அன்று 239 பேருடன் போன மலேசிய விமானம் எம்எச்370, வியட்நாம் வான்வெளிக்குள் நுழையும் இடத்தில் கன்ட்ரோலர் திரையிலிருந்து மறைந்தது. அது திரும்பி மலேசியத் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து மேற்கே போனது தெரியவந்ததே ராணுவத்தின் பிரைமரி ரேடார் பதிவுகளால்தான். பேச மறுப்பவரைக் காட்ட இதைவிட்டால் வேறு கருவி இல்லை.

அடுத்தது செகண்டரி ரேடார். இது பாதி நம்பிக்கை. தரை 1030 மெகாஹெர்ட்ஸில் கேட்கிறது, டிரான்ஸ்பாண்டர் 1090ல் பதில் சொல்கிறது. இடத்தை ரேடாரே அளந்துகொள்கிறது. உயரமும் அடையாளமும் விமானத்தின் வாக்கு. பழைய மோட் ஏ, மோட் சி முறையில் நான்கு இலக்கக் குறியீடு, ஒவ்வொரு இலக்கமும் 0 முதல் 7 வரை. ஆக மொத்தம் 4,096 குறியீடுகள். அதில் 7500 கடத்தல், 7600 வானொலிக் கோளாறு, 7700 அவசரம் என்று ஒதுக்கியது போக மிச்சத்தைத்தான் நாடுகள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். தவிர, ரேடார் கற்றைக்குள் இருக்கும் எல்லா விமானமும் ஒரே கேள்விக்கு ஒரே நேரத்தில் பதில் சொல்லும். வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்டதும் பின் பெஞ்சு மொத்தமும் கத்துகிற மாதிரி, பதில்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும்.

மோட் எஸ் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தது. ஒவ்வொரு விமானத்துக்கும் 24 பிட் முகவரி, உலகம் முழுக்க ஒரு கோடியே 67 லட்சத்துக்கு மேல் முகவரிகள். உயரமும் 100 அடிப் படிக்குப் பதில் 25 அடிப் படியில் வரும். இதையெல்லாம் எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறொன்று. மேம்பட்ட மோட் எஸ்ஸில், விமானி எந்த உயரத்தைத் திருகி வைத்திருக்கிறார் என்பதும் தரைக்கு வந்துவிடும். கன்ட்ரோலர் 150 (அதாவது 15,000 அடி) சொன்னார், விமானி ‘150’ என்று சரியாகத் திருப்பிச் சொன்னார், ஆனால் கை 140ல் வைத்துவிட்டது என்றால், விமானம் அந்த 1,000 அடியைத் தாண்டும் முன்பே திரையில் தெரிந்துவிடும். சர்க்கி தாத்ரியை நினைத்துக்கொண்டு படித்தால், பட்டியலில் பத்தாவது வரியாக வருகிற இந்த வசதிக்கே புது ரேடார் வாங்கலாம் போலிருக்கும்.

ரேடாரின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். அது சுற்றுகிற இயந்திரம்: மோட்டார், பேரிங், கியர், உச்சி மலையில் கட்டடம், சாலை, மின்சாரம். நெடுந்தொலைவு ரேடார் ஒரு சுற்றுச் சுற்ற 10 முதல் 12 விநாடி ஆகும். 480 நாட் (மணிக்கு 480 கடல் மைல்) வேகத்தில் பறக்கும் விமானம் 12 விநாடியில் மூன்று கிலோமீட்டர் நகர்ந்துவிடும். கோணத்தில் 0.1 டிகிரி பிசகினால் 200 கடல் மைலுக்கு அப்பால் 600 மீட்டருக்கு மேல் தவறு. மலைக்குப் பின்னால் இருப்பது தெரியாது, கடலுக்கு நடுவில் நடவும் முடியாது.

ஏடிஎஸ்-பி இதையெல்லாம் ஒரே அடியில் தீர்த்துவிடுகிறது. விமானம் ஜிபிஎஸ்ஸில் தன் இடத்தைத் தெரிந்துகொண்டு விநாடிக்கு இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்கிறது. தரையில் வேண்டியது கேட்கும் காது மட்டும். ரேடாரோடு ஒப்பிட்டால் விலை சொற்பம், சுற்றுகிற பாகம் எதுவும் இல்லை. எங்கள் மாடியிலேயே ஓடுகிறதே.

இது எங்கே வெற்றி பெற்றது என்று பார்த்தால், ரேடாரே இல்லாத இடங்களில்தான். கனடாவின் ஹட்சன் விரிகுடாவுக்கு மேலே 2009ல் ஏடிஎஸ்-பி வந்தபின், விமானங்களுக்கு நடுவே விட வேண்டிய 80 கடல் மைல் இடைவெளி 5 ஆகச் சுருங்கியது. ஆஸ்திரேலியா அந்தப் பெரிய பாலைவனத்தில் ரேடார் நடுவதற்குப் பதில் ஏடிஎஸ்-பி நிலையங்களை நட்டது. 2013 டிசம்பர் முதல் 29,000 அடிக்கு மேலே பறப்பவர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. எனக்குப் பிடித்த உதாரணம் தென்சீனக் கடல். வியட்நாமின் கோன் சோன் தீவில் இருக்கும் நிலையம் கேட்பதைச் சிங்கப்பூர் வாங்கித் தன் திரையில் போட்டுக்கொண்டது. அடுத்த நாட்டின் தீவில் ரேடார் கட்ட யாராலும் முடியாது, தரவைப் பகிர்ந்துகொள்ள முடியும். வங்காள விரிகுடாவில் போர்ட் பிளேர், மியான்மரின் கோகோ தீவு இரண்டிலும் இருக்கும் ஏடிஎஸ்-பி நிலையங்களுக்கும் இதே அருமைதான்.

சரி, அப்படியானால் செலவு எங்கே போனது? விமான உரிமையாளர் தலையில். தரை அமைப்பு மிச்சம் பிடித்த பணத்தை வானத்தில் இருப்பவர்கள் கட்டுகிறார்கள். அமெரிக்கா 2010ல் விதி போட்டு 2020 ஜனவரி 1 வரை பத்து வருடம் அவகாசம் கொடுத்தது. சிறு விமானக்காரர்கள் அப்போதும் முணுமுணுத்தார்கள், 500 டாலர் மானியம் கொடுத்துச் சமாதானம் பண்ண வேண்டியிருந்தது. அவர்கள் செய்த ஒரு காரியத்தை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம் என்பேன். 18,000 அடிக்குக் கீழே பறக்கும் சின்ன விமானங்களுக்கு 978 மெகாஹெர்ட்ஸில் தனி அலைவரிசை கொடுத்தார்கள். 978ல் பேசுபவரும் 1090ல் பேசுபவரும் ஒருவரை ஒருவர் நேராகக் கேட்க முடியாது. தரை நிலையம் நடுவில் நின்று மொழிபெயர்க்க வேண்டும். ஐரோப்பா 2011ல் விதி எழுதி, தேதியைத் தள்ளித் தள்ளி 2020க்குக் கொண்டுபோனது. அதுவும் 5,700 கிலோவுக்கு மேற்பட்டவை அல்லது 250 நாட் வேகத்துக்கு மேல் பறப்பவைக்கு மட்டும். கட்டாயத் தேதி வரை திரையில் பாதி விமானம் ஒரு முறையிலும் பாதி இன்னொரு முறையிலும் வரும். அந்தக் காலம் முழுக்க பழைய ரேடாரையும் தீனி போட்டு வளர்க்க வேண்டும். மாற்றத்துக்கான பட்ஜெட் போடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வரியை விட்டுவிடுகிறார்கள்.

செலவைவிடப் பெரிய சங்கடம், விமானத்துக்கே தன் இடம் தெரியாமல் போனால் என்ன செய்வது என்பது. ஜிபிஎஸ் குறுக்கீடு இப்போது அன்றாடச் செய்தி. எஸ்டோனியாவின் டார்ட்டு நகரத்துக்குப் போகும் விமானங்களை ஃபின்ஏர் 2024 ஏப்ரல் கடைசியில் ஒரு மாதம் நிறுத்தியது இதனால்தான். நம் ஊரிலும் 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை அமிர்தசரஸ், ஜம்மு எல்லைப் பக்கத்தில் 465 சம்பவங்கள் என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. 2025 நவம்பரில் டெல்லி விமான நிலையத்தைச் சுற்றியே நடந்தது. ஜிபிஎஸ் வெறுமனே அமுங்கிப் போனால் பரவாயில்லை. ‘என் இடத்தை நம்பாதே’ என்று விமானமே தரக் குறியீட்டை இறக்கி அனுப்பும், திரை அதை ஒதுக்கிவிடும். பொய்யான ஜிபிஎஸ் வந்தால்தான் வில்லங்கம். விமானம் ஏமாந்துபோய், தப்பான இடத்தை முழு நம்பிக்கையோடு அறிவிக்கலாம். அதற்கும் மேலே, இந்த அறிவிப்பில் பூட்டு, கையெழுத்து எதுவும் கிடையாது. நான் மாடியில் உட்கார்ந்து கேட்க முடிகிறதென்றால், கெட்ட எண்ணம் உள்ளவர் மாடியில் உட்கார்ந்து இல்லாத விமானத்தைச் சொல்லவும் முடியும். சரிபார்க்க இன்னொரு கண் வேண்டும்.

அந்த இன்னொரு கண்ணாக மல்டிலேட்டரேஷனை முன்வைக்கிறார்கள். நான்கைந்து இடத்தில் காதுகளை வைத்து, ஒரே சமிக்ஞை எந்தக் காதுக்கு எத்தனை நானோவிநாடி முந்தி வந்தது என்று கணக்குப் போட்டு இடத்தைக் கண்டுபிடிப்பது. விமானம் ‘நான் இங்கே’ என்று சொல்வதைக் கேட்கவே வேண்டியதில்லை, ஏதாவது பேசினால் போதும். என் திரையில் காலிக் கட்டத்தோடு வரும் விமானத்தைக்கூட இது பிடித்துவிடும். மலைகளுக்கு நடுவே ரேடார் பார்க்க முடியாத ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கிலும், அமெரிக்காவின் கொலராடோ பள்ளத்தாக்குகளிலும் இதைத்தான் வைத்தார்கள். எனக்குக் கேட்டவுடனே பிடித்துப்போன முறை இது; பிறகுதான் தொந்தரவுகள் தெரிந்தன. 100 நானோவிநாடி பிசகினால் 30 மீட்டர் போய்விடும். அதனால் எல்லாக் காதுகளின் கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும். பல அமைப்புகளில் அந்தக் கடிகாரத்தை ஒத்துவைப்பது எது தெரியுமா? ஜிபிஎஸ்தான். ஜிபிஎஸ்ஸுக்கு மாற்று என்று வாங்கியது ஜிபிஎஸ்ஸோடு சேர்ந்து படுத்தால் என்ன பயன்? வாங்குகிறவர்கள் அணுக் கடிகாரமோ தரையில் நிற்கும் ஒப்பீட்டு டிரான்ஸ்பாண்டரோ கேட்டு வாங்க வேண்டும். அப்புறம், ஒவ்வொரு காதுக்கும் ஓர் இடம், மின்சாரம், லைன், வாடகை. ஒரு மலையில் ஒரு ரேடாரைப் பராமரிப்பதா, பதினைந்து குன்றில் பதினைந்து பெட்டியைப் பராமரிப்பதா என்பது ஊருக்கு ஊர் மாறும் கணக்கு.

செயற்கைக்கோள் முறையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் அதற்குப் போட்டி கம்மி. ஏரியான் நிறுவனம், செயற்கைக்கோள் தொலைபேசி நடத்தும் இரிடியம் நிறுவனத்தின் 66 செயற்கைக்கோள்களில் ஏடிஎஸ்-பி கேட்கும் காதை ஏற்றியது. 2019ல் வட அட்லாண்டிக்கில் பயன்பாட்டுக்கு வந்ததும் முன்பின் இடைவெளி 14 கடல் மைல் வரை குறைந்தது. கண்காணிப்பே இல்லாமல் பத்து நிமிட இடைவெளி என்றால் ஏறக்குறைய 80 கடல் மைல். நடுக்கடலில் ரேடாரோ தரை நிலையமோ வைக்க வழியும் இல்லை. ஆனால் சந்தா கட்டி ஒரே நிறுவனத்தின் காதில் கேட்கிறோம் என்பது நினைவிருக்க வேண்டும். இன்னொன்று, மேலே இருந்து கேட்பதற்கு விமானத்தின் முதுகில் ஆன்டெனா வேண்டும். வயிற்றில் மட்டும் ஆன்டெனா வைத்த சின்ன விமானங்களுக்கு இது ஒத்துவராது.

இதுவரை சொன்ன முறைகளில் பிரைமரியையும் அமெரிக்காவின் 978ஐயும் தவிர எல்லாமே ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கின்றன. மோட் எஸ் பதில், ஏடிஎஸ்-பி அறிவிப்பு, மல்டிலேட்டரேஷன் கேட்பது, செயற்கைக்கோள் கேட்பது எல்லாம் அதே 1090 மெகாஹெர்ட்ஸ், விமானத்தில் இருக்கும் அதே டிரான்ஸ்பாண்டர் பெட்டி. 2014 ஜூன் 5, 10 தேதிகளில் ஆஸ்திரியா, செக், ஜெர்மனி பக்கத்துக் கன்ட்ரோலர்களின் திரையிலிருந்து விமானங்கள் காணாமல் போயின. டிரான்ஸ்பாண்டர்கள் தாங்கக்கூடியதைவிட அதிகக் கேள்விகளை ஏதோ ஒரு தரை அமைப்பு கேட்டுத் தள்ளியதே காரணம் என்றது ஐரோப்பிய விசாரணை. மூன்று விதமான அமைப்பு வைத்திருக்கிறோம், ஒன்று போனால் இரண்டு இருக்கிறது என்று ஸ்லைடு காட்டுவோரிடம் இந்த ஜூனை ஞாபகப்படுத்தலாம்.

விமானத்தின் வாக்கை எங்கே நம்புகிறோம் என்ற கேள்வியை 2025 ஜனவரி 29 வாஷிங்டன் விபத்து இன்னும் கூர்மையாக்கியது. பயணிகள் ஜெட்டும் ராணுவ பிளாக்ஹாக் ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தார்கள். ஹெலிகாப்டரில் மோட் எஸ் பதில் வந்துகொண்டிருந்தது, ஏடிஎஸ்-பி வரவில்லை. என் திரையில் வரும் காலிக் கட்டம்தான். கன்ட்ரோலரின் ரேடார் திரையில் அது தெரிந்தது. ஆனால் பிறகு அதே ரக ஹெலிகாப்டர்களைப் பறக்கவிட்டுப் பார்த்தபோது, உயரமானி உண்மையைவிட 80 முதல் 130 அடி வரை குறைத்துக் காட்டியது. செகண்டரியோ ஏடிஎஸ்-பியோ, கன்ட்ரோலர் திரையில் வரும் உயரம் விமானத்தின் உயரமானி சொல்வது. எத்தனை கோடிக்குத் தரையில் சாமான் வாங்கினாலும் அந்தச் சார்பு போகாது. விசாரித்த அமைப்பு, பக்கத்து விமானத்தின் அறிவிப்பைக் காக்பிட்டிலேயே கேட்கும் ‘ஏடிஎஸ்-பி இன்’ (ADS-B In) என்ற வசதி வேண்டும் என்று வற்புறுத்துகிறது. என் பார்வையில் ஏடிஎஸ்-பிக்கு ஆதரவான மிக வலுவான வாதம் அதுதான். ரேடார் தரைக்கு மட்டும் கண் கொடுக்கிறது. இது விமானிக்கும் கொடுக்கிறது.

2020ல் ஏடிஎஸ்-பியைக் கட்டாயமாக்கிய அதே அமெரிக்கா, 612 வரையிலான ரேடார்களை 2028 நடுவுக்குள் மாற்ற ஆர்டிஎக்ஸ், இந்திரா நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்திருப்பதாக 2026 தொடக்கத்தில் அறிவித்தது. எது ஜெயித்தது என்று கேட்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

ஆகவே நான் முடிவெடுக்கிற நாற்காலியில் இருந்தால் நாடு முழுவதற்கும் ஒரே பதிலை எழுத மாட்டேன். பெரிய விமான நிலையத்தைச் சுற்றி 60 கடல் மைலுக்கு பிரைமரியும் மோட் எஸ்ஸும் ஒரே கம்பத்தில் இருக்கட்டும், விலை வலித்தாலும். எல்லையோரத்திலும் அப்படித்தான், அமிர்தசரஸில் ஏடிஎஸ்-பியை மட்டும் நம்பச் சொன்னால் கையெழுத்துப் போட மாட்டேன். நடு வழியில், இரண்டு மூன்று மோட் எஸ் ரேடார்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பார்க்கும் இடங்களில், வயதான ஒன்றை மாற்றாமல் ஓய்வு கொடுத்துவிட்டு அங்கே ஏடிஎஸ்-பி நிலையங்களைப் போடலாம். பணம் மிச்சமாவது இங்கேதான். மலைப்பகுதி விமான நிலையத்துக்கு மல்டிலேட்டரேஷன். தீவுகளில் ஏடிஎஸ்-பி, அதற்கு அப்பால் செயற்கைக்கோள்.

டெண்டரில் ஒரே ஒரு கேள்வியைத் தனிப் பக்கத்தில் போட்டு, எழுத்தில் பதில் வாங்குவேன்: என் வான்வெளியில் ஆறு மணி நேரம் ஜிபிஎஸ் பொய் சொன்னால், உங்கள் சாமானை வைத்திருக்கும் கன்ட்ரோலரின் திரையில் எந்தெந்தப் புள்ளிகள் மிஞ்சும், அவற்றுக்கு எத்தனை மைல் இடைவெளி விட வேண்டும்?